ஸ்வீடிஷ் வாக்கியத்தில் நகர்வது 'இன்த்தே' அல்ல, வினைமுற்று

கேள்வி இதுதான்: ஸ்வீடனில் குடியேறியோருக்கான எஸ்எஃப்ஐ மொழி வகுப்பில் கடைசியான டி நிலையை முடித்தாயிற்று. செய்தி வாசித்தால் புரிகிறது, வேலையிடத்தில் பேசிச் சமாளிக்கவும் முடிகிறது. ஆனால் நான்கு வரி எழுதினால் ஆசிரியர் அம்புக்குறி போட்டுச் சொற்களை இடம் மாற்றித் தருகிறார். இல்லை என்று சொல்லும் 'இன்த்தே' எப்போது வினைக்குப் பின், எப்போது முன்? விதி தெரிந்தும் எழுதும்போது ஏன் தவறுகிறது?

விதி தெரிந்தும் தவறுவதற்குக் காரணம், விதியைத் தலைகீழாகக் கற்றுக்கொண்டிருப்பது. 'இன்த்தே' இடம் மாறுகிறது என்று நினைத்து அதைத் துரத்துகிறோம். அது இருந்த இடத்திலேயே இருக்கிறது, நகர்வது வினைமுற்று. கீழே உள்ள அத்தனையும் இந்த ஒரு விஷயத்திலிருந்து வருபவைதான். (ஸ்வீடிஷ் சொற்களை ஏறத்தாழ ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். உச்சரிப்புக்கு இதை நம்பவேண்டாம், சொல் நிற்கும் இடத்தை மட்டும் பாருங்கள்.)

முதலில் வினைமுற்றை அடையாளம் காணவேண்டும். தமிழில் அது வாக்கியத்தின் கடைசியில் வந்து விழும், தேடவேண்டியதில்லை. திணை, பால், எண், இடம் எல்லாம் அதன் விகுதியிலேயே தெரியும். ஸ்வீடிஷ் வினையில் அந்த விகுதிகள் கிடையாது, காலம் மட்டும்தான் தெரியும். ஆகவே சோதனை இப்படி: வாக்கியத்தின் காலத்தை மாற்றுங்கள், எந்தச் சொல் உரு மாறுகிறதோ அதுதான் முற்று. 'யாக் ஹார் த்ரெஃபத் அன்னா' (நான் அன்னாவைச் சந்தித்திருக்கிறேன்) என்பதை இறந்தகாலத்துக்குக் கொண்டுபோனால் 'யாக் ஹாதே த்ரெஃபத் அன்னா'. மாறியது 'ஹார்' மட்டும். 'த்ரெஃபத்' அசையவில்லை, அது முற்று அல்ல. 'மொஸ்தே' (வேண்டும்) மட்டும் இந்தச் சோதனைக்கு அகப்படாது. இரு காலத்துக்கும் அதற்கு ஒரே உருதான், ஆனால் அது ஏறத்தாழ எப்போதும் முற்றுதான்.

அடுத்து கட்டம். டென்மார்க் மொழியியலாளர் பவுல் டிடெரிக்சன் 1940-களில் தன் டேனிஷ் இலக்கணத்தில் வாக்கியத்தை அறைகளாகப் பிரித்துக் காட்டினார். ஸ்வீடிஷ் வகுப்புகளில் 'சட்ஸ்ஷேமா' என்ற பெயரில் கரும்பலகையில் வரைவது அதன் வழிவந்ததுதான். முதன்மைத் தொடருக்கு (தனியே நிற்கக்கூடிய வாக்கியத்துக்கு) அறைகள் இந்த வரிசையில் வரும்: முதல் இடம், வினைமுற்று, எழுவாய் (முதல் இடத்தில் இல்லாவிட்டால்), 'இன்த்தே' வகைச் சொற்கள், மீதி வினை, செயப்படுபொருள், கடைசியில் எப்படி–எங்கே–எப்போது. ஒரே வாக்கியத்தை வைத்து ஓட்டிப் பார்க்கலாம். பொருள்: 'நான் இன்று வேலையிடத்தில் அன்னாவைச் சந்திக்கவில்லை.'

யாக் | ஹார் | – | இன்த்தே | த்ரெஃபத் | அன்னா | போ யொபெத் இதாக்

'இன்று' என்பதை முன்னால் கொண்டுவந்தால்:

இதாக் | ஹார் | யாக் | இன்த்தே | த்ரெஃபத் | அன்னா | போ யொபெத்

அன்னாவை அழுத்திச் சொல்லவேண்டுமானால்:

அன்னா | ஹார் | யாக் | இன்த்தே | த்ரெஃபத் | – | போ யொபெத் இதாக்

மூன்றிலும் 'ஹார்' இரண்டாம் அறையைவிட்டு அசையவில்லை. முதல் அறைக்கு ஒரு சரக்கு ஏறினால் அது முன்பிருந்த அறை காலியாகிறது. எழுவாய் முதல் அறையை இழந்தால் மூன்றாவதில் போய் உட்காருகிறது. வேறெதுவும் மாறவில்லை.

இப்போது இதே வாக்கியத்தைச் சார்புத் தொடராக்குவோம், அதாவது தனியே நிற்காமல் வேறொரு வாக்கியத்தைச் சார்ந்து நிற்கும் தொடராக. 'எஃப்தர்சொம்' என்றால் 'ஏனென்றால்':

எஃப்தர்சொம் | யாக் | இன்த்தே | ஹார் | த்ரெஃபத் | அன்னா | போ யொபெத் இதாக்

வகுப்பில் இதற்குத்தான் 'பிஃப்' விதி என்று சொல்லிக்கொடுக்கிறார்கள்: பீசட்ஸில் (சார்புத் தொடரில்) 'இன்த்தே' வினைமுற்றுக்கு முன் வரும். விதி சரி, அது உண்டாக்கும் படம்தான் தவறு. 'ஹார்' என்ற முற்றுக்குச் சொந்த வீடு 'த்ரெஃபத்' பக்கத்தில், 'இன்த்தே'வுக்கு வலப்புறம். சார்புத் தொடரில் அது வீட்டிலேயே இருக்கிறது. முதன்மைத் தொடரில் மட்டும் 'இன்த்தே'வைத் தாண்டி இரண்டாம் அறைக்கு ஓடுகிறது. ஆகவே எழுதும்போது கேட்கவேண்டிய கேள்வி 'இன்த்தே எங்கே?' அல்ல, 'இது முதன்மைத் தொடரா, சார்புத் தொடரா? முற்று ஓடவேண்டுமா, வேண்டாமா?'

'இன்த்தே' அறையில் குடியிருப்பவை வேறு சிலவும் உண்டு: அல்தித் (எப்போதும்), அல்த்ரிக் (ஒருபோதும் இல்லை), ஒஃப்தா (அடிக்கடி), ரேதான் (ஏற்கெனவே), தீவெர் (துரதிர்ஷ்டவசமாக), அப்புறம் யூ, வேல், நூக் என்ற குட்டிச் சொற்கள். 'இன்த்தே'வைச் சரியாக வைக்கிற பலர் 'ரேதான்' வரும்போது கோட்டைவிடுகிறார்கள், விதியில் அதன் பெயர் இல்லை என்பதால். ஒன்றுக்கு மேல் வந்தால் குட்டிச் சொற்கள் முன்னால், 'இன்த்தே' பின்னால்: 'யாக் ஹார் யூ தீவெர் இன்த்தே த்ரெஃபத் அன்னா'. நேற்று, இன்று, இங்கே போன்றவை இந்த அறைக்கு வருவதில்லை. அவற்றுக்கு ஒன்று முதல் அறை, இல்லையென்றால் கடைசி அறை.

முதல் அறையில் ஒரே ஒரு பொருளுக்குத்தான் இடம். தமிழில் 'நேற்று வேலையிடத்தில் நான் அன்னாவை' என்று வினைக்கு முன் எத்தனை வேண்டுமானாலும் அடுக்கலாம், வாக்கியம் கலையாது. ஆங்கிலமும் 'நேற்று' என்று தொடங்கி உடனே எழுவாயைப் போட விடுகிறது. தமிழும் ஆங்கிலமும் அறிந்தவர் 'இகோர் யாக் யிக்' என்று எழுதுவது இந்த இரட்டைப் பழக்கத்தால்தான். சரியானது 'இகோர் யிக் யாக்' (நேற்று போனேன் நான்). ஒரே வகைச் சங்கதிகள் சேர்ந்து ஒன்றாக நிற்கலாம் என்பது மட்டும் சலுகை: 'இகோர் க்வெல் க்லொக்கன் நீயூ ரிங்தே ஹூன்' (நேற்று இரவு ஒன்பது மணிக்கு அவள் அழைத்தாள்). முழுவதும் காலம் என்பதால் ஒரே சரக்காக எண்ணப்படுகிறது.

எழுவாயை விட்டுவிடுவதும் தமிழ்ப் பழக்கம். 'நேற்று மழை பெய்தது' என்பதற்கு 'இகோர் ரெங்னாதே' என்று நிறுத்தினால் ('மழை பெய்தது' முழுவதும் 'ரெங்னாதே' என்ற வினைக்குள் அடக்கம்) மூன்றாம் அறை காலி. அதை நிரப்பப் பொருளில்லாத ஒரு 'தே' வேண்டும்: 'இகோர் ரெங்னாதே தே'.

இடைநிலை மாணவர் எழுதும் பத்தி ஒன்று. வோர்ட்சென்த்ரால் என்பது ஊரின் ஆரம்ப மருத்துவ நிலையம்.

'இகோர் யாக் யிக் தில் வோர்ட்சென்த்ராலென் எஃப்தர்சொம் யாக் குந்தே இன்த்தே சோவா. நேர் யாக் கொம் தீத், யாக் ஃப்ரோகதே வார் வார் தொக்தொர்ன். தொம் சா அத் தொக்தொர்ன் ஹாதே ரேதான் கொத் ஹெம். தேர்ஃபோர் யாக் மொஸ்தே ரிங்கா இயேன்.'

(நேற்று மருத்துவ நிலையத்துக்குப் போனேன், ஏனென்றால் தூங்க முடியவில்லை. அங்கே போய்ச் சேர்ந்தபோது டாக்டர் எங்கே என்று கேட்டேன். டாக்டர் ஏற்கெனவே வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். ஆகவே மறுபடி தொலைபேசியில் அழைக்கவேண்டும்.)

நான்கு வாக்கியம், ஆறு தவறு. திருத்தம்:

'இகோர் யிக் யாக் தில் வோர்ட்சென்த்ராலென் எஃப்தர்சொம் யாக் இன்த்தே குந்தே சோவா. நேர் யாக் கொம் தீத் ஃப்ரோகதே யாக் வார் தொக்தொர்ன் வார். தொம் சா அத் தொக்தொர்ன் ரேதான் ஹாதே கொத் ஹெம். தேர்ஃபோர் மொஸ்தே யாக் ரிங்கா இயேன்.'

முதலாவதும் கடைசியும் ஒரே ரகம்: முதல் அறையில் 'நேற்று', 'ஆகவே' ஏறியபின் முற்று இரண்டாவதாக வரவில்லை. 'குந்தே இன்த்தே', 'ஹாதே ரேதான்' இரண்டும் சார்புத் தொடரில் முற்று தேவையில்லாமல் ஓடியவை. நின்று பார்க்கவேண்டியவை நடுவிலுள்ள இரண்டு.

'நேர் யாக் கொம் தீத்' என்ற முழுச் சார்புத் தொடரும் முதல் அறைக்குள் அடங்குகிறது. எவ்வளவு நீளமானாலும் அது ஒரே சரக்கு, ஆகவே அடுத்து வரவேண்டியது முற்று. சந்தேகம் வந்தால் அந்த நீளத் தொடரை எடுத்துவிட்டு 'தோ' (அப்போது) என்ற ஒற்றைச் சொல்லை வையுங்கள்: 'தோ ஃப்ரோகதே யாக்' என்று வாய் தானாகச் சொல்லும். இந்த இடத்தில் காற்புள்ளி போடும் பழக்கத்தையும் விட்டுவிடுவது நல்லது. இன்றைய ஸ்வீடிஷில் அங்கே பெரும்பாலும் போடுவதில்லை. போட்டால் நமக்குப் புது வாக்கியம் தொடங்குவதாகத் தோன்றி, கை எழுவாயை எழுதிவிடும்.

மற்றது மறைமுகக் கேள்வி. நேர்க் கேள்வியில் 'வார் வார் தொக்தொர்ன்?' சரி. வாக்கியத்துக்குள் புகுந்தால் அது சார்புத் தொடர், எழுவாய் முற்றுக்கு முன்னால் வந்தாகவேண்டும். இதில் இன்னொரு குழி உண்டு. கேள்விச் சொல்லே எழுவாயாக இருந்தால் 'சொம்' சேர்க்கவேண்டும்: 'யாக் வேத் இன்த்தே வெம் சொம் கொம்மெர்' (யார் வருகிறார் என்று தெரியாது), 'யாக் வேத் இன்த்தே வாத் சொம் ஹெந்தே' (என்ன நடந்தது என்று தெரியாது). 'சொம்' இல்லாமல் எழுதுவது பி1 என்னும் இடைநிலை மட்டத்தில் மிகச் சகஜமான பிழை. வகுப்பில் இதற்குப் போதிய நேரம் கொடுப்பதில்லை என்பது என் கருத்து.

ஒரு தொடர் முதன்மையா சார்பா என்பதை இணைப்புச் சொல்தான் தீர்மானிக்கிறது, பொருள் அல்ல. காரணம் சொல்லும் இரண்டைப் பாருங்கள். 'யாக் ஸ்தன்னார் ஹெம்மா, ஃபோர் யாக் ஒர்கார் இன்த்தே யொபா' (வீட்டிலிருக்கிறேன், வேலை செய்யத் தெம்பில்லை). 'ஃபோர்' என்பது ஒக் (மற்றும்), மென் (ஆனால்), எல்லெர் (அல்லது) வகை. அது எந்த அறையிலும் சேராமல் வாசலில் நிற்கும், பின்னால் வருவது முதன்மைத் தொடர். அதே பொருளுக்கு 'எஃப்தர்சொம்' போட்டால் 'எஃப்தர்சொம் யாக் இன்த்தே ஒர்கார் யொபா'. 'தேர்ஃபோர்' (ஆகவே) முதல் அறையில் ஏறும் வினையடை. 'தேர்ஃபோர் அத்' (ஏனென்றால்) சார்புத் தொடரைத் தொடங்கும் சொல். ஒரு 'அத்' சேர்ந்ததும் பொருளும் வரிசையும் கவிழ்ந்துவிடுகின்றன. 'சோ' இரண்டு வேஷம் போடும்: 'அதனால்' என்ற பொருளில் வாசலில் நிற்கும், 'சோ யாக் ஸ்தன்னார் ஹெம்மா'. நிபந்தனைத் தொடரை அடுத்து வரும் 'சோ'வுக்குப் பின் முற்றுதான் முதலில்: 'ஒம் தே ரெங்னார் சோ ஸ்தன்னார் வீ ஹெம்மா' (மழை பெய்தால் வீட்டிலேயே இருப்போம்).

இனி, தனித்தனி விதிகளாகத் தெரிந்தாலும் முற்றின் ஓட்டத்தோடு கட்டுண்ட மூன்று விஷயங்கள்.

அவனை, அவளை என்னும் குட்டிப் பிரதிப்பெயர்கள் 'இன்த்தே'வைத் தாண்டி முன்னே வரலாம்: 'யாக் த்ரெஃபாதே ஹொனொம் இன்த்தே' (அவனைச் சந்திக்கவில்லை). முழுப் பெயருக்கு இது ஆகாது. 'யாக் த்ரெஃபாதே இன்த்தே அன்னா' மட்டும்தான். இந்தச் சலுகை எப்போது கிடைக்கும்? முக்கிய வினையே முற்றாகி முன்னே ஓடிப்போயிருந்தால் மட்டும். 'ஹார்' ஓடி, 'த்ரெஃபத்' பின்னால் தங்கிவிட்டால் 'ஹொனொம்' அதைத் தாண்ட முடியாது: 'யாக் ஹார் இன்த்தே த்ரெஃபத் ஹொனொம்'. சார்புத் தொடரில் வினை ஓடவே இல்லை, எனவே அங்கும் கிடையாது. 1980-களில் மொழியியலாளர் அன்டெர்ஸ் ஹோல்ம்பெரி இதைக் கவனித்து எழுதியதால் இதற்கு அவர் பெயரே வழங்குகிறது. 'யாக் த்ரெஃபாதே இன்த்தே ஹொனொம்' என்று தாண்டாமல் விட்டாலும் ஸ்வீடிஷில் பிழையில்லை. ஆகவே சந்தேகம் இருந்தால் தாண்டாதீர்கள்.

இரண்டாவது, 'இங்கா'. 'இன்த்தே'வும் 'நோக்ரா'வும் (எதுவும்) ஒட்டி நின்றால் 'இங்கா' என்று ஒன்றாகும்: 'யாக் ஹார் இங்கா பெங்கார்' (என்னிடம் பணமில்லை). இடையில் வினை ஒன்று தங்கியிருந்தால் ஒட்ட வழியில்லை: 'யாக் ஹார் இன்த்தே ஹஃப்த் நோக்ரா பெங்கார்', 'எஃப்தர்சொம் யாக் இன்த்தே ஹார் நோக்ரா பெங்கார்'. 'யாக் ஹார் ஹஃப்த் இங்கா பெங்கார்' என்று எழுதுவது இந்தக் காரணத்தால் உதைக்கிறது.

மூன்றாவது, துணுக்கோடு வரும் வினைகள். 'திக்கெர் ஒம்' என்றால் பிடிக்கும். ஓடுவது 'திக்கெர்' மட்டும், 'ஒம்' வீட்டிலேயே தங்கும்: 'யாக் திக்கெர் இன்த்தே ஒம் ஃபிஸ்க்' (எனக்கு மீன் பிடிக்காது). சார்புத் தொடரில் இரண்டும் சேர்ந்தே இருக்கும்: 'அத் யாக் இன்த்தே திக்கெர் ஒம் ஃபிஸ்க்'. செயப்படுபொருள் துணுக்குக்குப் பின்தான், அது குட்டிச் சொல்லாக இருந்தாலும்: 'ஸ்லோ போ தென்' (அதைப் போடு). ஆங்கிலப் பழக்கத்தில் 'ஸ்லோ தென் போ' என்று வரும், அது தவறு. பேச்சில் அழுத்தம் துணுக்கின்மேல் விழவேண்டும். 'ஹெல்சார் போ' என்பதில் 'போ'வை அழுத்தினால் போய்ப் பார்ப்பது, 'ஹெல்சார்' அழுத்தினால் வணக்கம் சொல்வது.

'ஸெய்' (தன்னை) வரும் வினைகளில் சிறு நெகிழ்வு இருக்கிறது. 'தேர்ஃபோர் பெஸ்தெம்தே ஸெய் அன்னா', 'தேர்ஃபோர் பெஸ்தெம்தே அன்னா ஸெய்' (ஆகவே அன்னா முடிவெடுத்தாள்) இரண்டும் எழுதலாம். எழுவாய் 'ஹூன்' ஆனால் 'பெஸ்தெம்தே ஹூன் ஸெய்' மட்டும். அதற்குப் பின் வரும் எச்சத்தில் 'இன்த்தே' வினைக்கு முன்: 'ஃபோர் அத் இன்த்தே ஓக்கா' (போகாமலிருக்க).

விதிக்கு அடங்காத சில காதில் விழும், குழம்பவேண்டாம். 'கன்ஷே' (ஒருவேளை) வந்தால் 'கன்ஷே கொம்மெர் ஹன்', 'கன்ஷே ஹன் கொம்மெர்', 'ஹன் கன்ஷே கொம்மெர்' மூன்றும் சரி. பேச்சில் 'ஹூன் சா அத் ஹூன் கொம்மெர் இன்த்தே' (வரமாட்டேன் என்றாள்) என்று 'அத்'துக்குப் பின் முதன்மைத் தொடரின் வரிசை வரும். சொன்னாள், நினைத்தான் போன்ற வினைகளோடு ஸ்வீடன்காரர்களே இப்படிப் பேசுவார்கள். தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் பிஃப் வரிசையையே எழுதுங்கள். ஸ்டாக்ஹோம் புறநகர் இளைஞர் பேச்சில் 'இகோர் யாக் வார்' போன்ற வரிசையும் கேட்கும். ரின்கெபி என்ற புறநகரின் பெயரால் ரின்கெபி ஸ்வீடிஷ் என்று மொழியியலாளர் உல்லா-பிரித் கொத்சினாஸ் 1980-களில் ஆராய்ந்தது இந்தப் பேச்சைத்தான். அது தெரியாமல் செய்யும் தவறல்ல, ஒரு குழுவின் நடை. ஆனால் வேலை விண்ணப்பத்தில் அதை யாரும் நடையென்று எடுத்துக்கொள்ளமாட்டார்கள். எழுத்தில் இன்னொன்று: சார்புத் தொடரில் 'ஹார்', 'ஹாதே' இரண்டையும் விட்டுவிடலாம். 'எஃப்தர்சொம் ஹன் இன்த்தே கொம்மித்' என்று படித்தால் முற்றே இல்லையே என்று திகைக்கவேண்டாம், 'ஹார்' மறைந்திருக்கிறது.

பயிற்சிக்கு வருவோம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருத்த முயல்வது வீண். மொழியியலாளர்கள் மான்ஃபிரெட் பீனெமன், கிசேலா ஹோகன்சன் இருவரும் 1999-இல் ஸ்வீடிஷ் கற்போரின் தரவுகளை வைத்துக் காட்டிய வரிசை இது: 'நேற்று' போன்றவற்றின் பின் எழுவாயும் முற்றும் இடம் மாறுவது முதலில் கைவரும், சார்புத் தொடரின் 'இன்த்தே' அதற்குப் பிறகுதான். எனவே சில வாரங்கள் முதல் அறையை மட்டும் கவனியுங்கள், அது பிடிபட்டபின் பிஃப்புக்குப் போங்கள்.

முதல் கட்டத்துக்கு, நீங்களே எழுதிய ஒரு வாக்கியத்தை எடுத்து, மேலே அன்னா வாக்கியத்தைச் சுழற்றியதுபோல் முதல் அறைக்குக் காலம், இடம், செயப்படுபொருள் என்று ஒவ்வொன்றாக ஏற்றி உரக்கச் சொல்லுங்கள். 'யிக் யாக்', 'மொஸ்தே யாக்', 'ஃப்ரோகதே யாக்' இவற்றை ஒரே சொல்போல ஒட்டி உச்சரியுங்கள். ஸ்வீடிஷ் பேச்சிலும் முற்றுக்குப் பின் வரும் 'யாக்' அழுத்தமின்றி ஒட்டித்தான் வரும். அந்த ஒட்டு வாயில் ஏறிவிட்டால் 'இகோர் யாக்' என்று தொடங்க நாக்கே தயங்கும்.

இரண்டாம் கட்டத்துக்கு எளிய ஸ்வீடிஷ் போதாது. '8 சீதோர்' போன்ற எளிய நடைப் பத்திரிகைகள் தொடக்கத்துக்கு நல்லவை, ஆனால் வாக்கியங்கள் குறுகியவை, சார்புத் தொடர் குறைவு. சாதாரணச் செய்தியோ நகராட்சியிலிருந்து வந்த கடிதமோ ஒன்றை எடுத்து, அத், ஒம், நேர், எஃப்தர்சொம், சொம் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் கோடு போடுங்கள். ஒவ்வொன்றுக்குப் பின்னும் முற்றைச் சுற்றி வட்டம். பிறகு அந்தத் தொடரைத் தனி முதன்மை வாக்கியமாக மாற்றி எழுதுங்கள். அப்போது வட்டமிட்ட சொல் மட்டும் இடப்பக்கம் நகரவேண்டும், வேறு சொல் நகர்ந்திருந்தால் எங்கோ பிசகு. சொந்த எழுத்தைச் சரிபார்க்கும்போதும் இதே கோடும் வட்டமும்தான். வட்டத்துக்கு முன்னால் எத்தனை சரக்கு என்று எண்ணுங்கள்: கோடில்லாத தொடரில் ஒன்றுக்கு மேல் இருந்தால் (வாசல் சொற்களையும் 'கன்ஷே'வையும் விட்டு) திருத்துங்கள், கோடுள்ள தொடரில் வட்டத்துக்குப் பின்னால் 'இன்த்தே'வோ 'ரேதான்'னோ நின்றால் அதையும்.